மருந்துச் சீட்டில் ஒரு குன்று

1

போன ஞாயிற்றுக்கிழமை, நாயோடு நடக்கும் ஒரு பெண்மணி என்னை வழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ என்கிற ஊரில். இங்கே முன்பின் தெரியாதவரை நிறுத்திக் கேள்வி கேட்பது லேசில் நடக்கிற காரியமல்ல. மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். நாயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். அதற்கு மேல் போனால் அத்துமீறல். ஆகவே அந்த அம்மாள் வெகுநாள் யோசித்துத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். இந்தக் குன்றையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஏன் ஒருநாளும் மேலே ஏறுவதில்லை?"

ஊரின் நடுவே ஒரு குன்று இருக்கிறது. எப்போதோ அணைந்துபோன எரிமலை. எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் அது தெரியும். உச்சிவரை கார் போகிறது. மேலே போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண். அங்கிருந்து ஆறும் அதன் மேல் நீளும் ரயில் பாலமும் அழகாகத் தெரியுமாம். 'தெரியுமாம்' என்று ஏன் எழுதுகிறேன் என்றால், நான் பார்த்ததில்லை.

நான் திருவண்ணாமலைக்காரன். கார்த்திகை தீபத்துக்கு மலையேறுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. எங்கள் வீட்டில் மலை என்றால் சுற்றுவதற்கு. ஆனால் இதையெல்லாம் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் விளக்க முடியுமா? நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்குக் கடைசியில் பதில் சொன்னது நானில்லை, வேறொருவன். அவன் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. இங்கே மார்கழியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவித் திரும்புவதற்குள் இருட்டிவிடும். இருந்தாலும் இருட்டின் மேல் பழி போட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அதே இருட்டில் விசிலடித்துக்கொண்டுதான் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகைச்சுவை எழுதுகிறேன் என்று சொல்லித் திரிகிறவனுக்கு இது தொழில்முறைச் சிக்கல். யாராவது வேடிக்கையாகப் பேசினால், இது வேடிக்கை என்று புத்திக்குத் தெரிந்தது, அதோடு சரி. சாப்பாடு வெறும் கனமாக உள்ளே போயிற்று. என் மனைவி கவிதா நர்ஸ். அவளுடைய வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம். நான் அவளுடைய லக்கேஜ். ஒரு நாள் அவள் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"ரொம்ப நாளா இதே பக்கத்துலதான் இருக்கீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போன் பண்றீங்க."

இங்கே டாக்டருக்குப் போன் செய்வது தனிக்கலை. போனிலேயே வரிசையில் நிற்க வைத்து வயலின் வாசித்துக் காட்டுவார்கள். மனச்சோர்வு இல்லாமல் போன் செய்தவனுக்கும் அந்த வயலின் முடிவதற்குள் வந்துவிடும். கடைசியில் நேரம் கிடைத்து, நேரில் போனபோது ஒரு சிறு வயது டாக்டர் இருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஊர்ப் பழக்கத்தில் "ஏதோ போகுது" என்று சொல்ல நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை நிறுத்தி, "எது போகிறது?" என்று அக்கறையாகக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்விதான்.  கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு ஒரு வண்ணத்தாளையும் கொடுத்தார். இயற்கையோடு நேரம் செலவழிப்பதும் மருந்துதான், தினமும் வெளியே போங்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குன்று இருக்கிறதே என்றார். தாளில் யோசனைகள் இருந்தன. கல்லைக் கையில் எடுத்து அதன் கனத்தை உணருங்கள். கண்ணை மூடிப் பறவைகளைக் கேளுங்கள். ஒரு மரத்திடம் உங்கள் நாளைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் மரத்திடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு மஞ்சள் துணியாவது கட்ட வேண்டும். வெறுங்கையோடு போய்ப் புலம்புவது மரியாதை இல்லை.

3

ஆனாலும் போனேன். டாக்டர் சொன்னதற்காக இல்லை, கவிதா வாசலில் நின்றுகொண்டிருந்ததற்காக.

குன்றின் அடிவாரத்துக்கு வந்ததும் கால் தானாக இடது பக்கம் திரும்பிற்று. நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. மலை வலது கையில் இருக்க வேண்டும் என்பது என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. தலைக்கு மேற்படிப்பு, வெளிநாடு, நாலு அலமாரிப் புத்தகம் எல்லாம் ஆனபிறகும் காலுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் தெரு, கொஞ்சம் மரக்கூட்டம், ஊர்க்காரர்கள் குத்தகைக்கு எடுத்து முட்டைக்கோஸ் போடும் தோட்டத் துண்டுகள், மறுபடி தெரு. சுற்றிவிட்டேன். மறுநாளும் சுற்றினேன். கிரிவலத்தில் பாதையின் வலது ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பார்கள். இங்கும் விட்டேன். இங்கே சித்தர்கள் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கோடை வந்ததும் ஒரு நாள் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். யாரோ நல்ல மனம் படைத்தவர் தகவல் கொடுத்துவிட்டார். பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்ட பூங்கா ஊழியர் ஒருவர் வந்து, என்னைப் பயமுறுத்திவிடாத குரலில், பெயர் என்ன, வீடு எங்கே, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டு, கடைசியில், "உங்கள் ஷூ உங்கள் கையில் இருக்கிறது, தெரியுமா?" என்றார்.

அன்று சாயந்தரம் என் மகள் யாழினி பள்ளியிலிருந்து வந்து பையைத் தரையில் போட்டாள். அவள் பேசுகிற ஆங்கிலம் இந்த ஊர் ஆங்கிலம். கோபம் வந்தால் எனக்குப் பாதிதான் புரியும். எனக்காகத் தமிழுக்கு இறங்கி வந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். என் ஃப்ரெண்டோட அம்மா உன்னப் பாத்தாங்க. உனக்கு மைண்ட் சரி இல்லன்னு நினைக்கிறாங்க."

"அதனாலதானேம்மா டாக்டரே அனுப்பி வெச்சாரு."

அவள் சிரிக்கவில்லை. கதவு மட்டும் பதில் சொல்லிற்று. ஆனால் நான் சிரித்தேன் என்பதைக் கவிதா அடுப்படியிலிருந்து கவனித்திருக்கிறாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. என் ஜோக்குக்கு நானே சிரித்தது என்றாலும் மருத்துவக் கணக்கில் அதுவும் சேரும்.

குன்று என்னைக் குணப்படுத்தியது என்று எழுத ஆசைதான். மாத்திரையா, மரமா, வெயிலா என்று தெரியாது. குன்று எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. அது நின்றது, நான் நடந்தேன். என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரு பெரிய பொருள் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

4

தூக்கம் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில்தான் தனத்திடமிருந்து போன் வந்தது. தனம் என் தம்பி சேகரின் மனைவி. அவர்கள் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. பாதையோரம் ஒரு கடை: டீ, மோர், சோடா, தண்ணீர் பாட்டில், வெள்ளரிக்காய். கொஞ்சம் தள்ளி வேர்க்கடலை போடும் நிலம்.

"மாமா, ஒருவாட்டி வந்துட்டுப் போங்க மாமா."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அதான் மாமா. அவுரு பேசறதில்ல."

"சண்டையா?"

"சண்ட போட்டாத்தான் நல்லாருக்குமே. ஏன்யா பேச மாட்டேன்றேன்னு நானே போயி சண்ட இழுத்துப் பாத்துட்டேன். சும்மா பாக்கறாரு. சாப்புடறது கம்மி. ராத்திரில உக்காந்துகினே இருக்காரு."

சேகரைத் தெரியாதவர்களுக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களுக்கு, கோயில் மணி ஊமையாகிவிட்டது என்கிற மாதிரியான செய்தி. நக்கலடிக்காமல் அவனால் ஒரு டீ கூட ஆற்ற முடியாது. வீடியோவில் என் குளிர்கோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாணா, மெத்தையச் சுருட்டி மாட்டிகினு நிக்கிற?" என்று கேட்டவன். இங்கே வெயிலே கிடையாது என்று சொன்னபோது, "அப்ப கருவாடு எப்புடிக் காய வெக்கிறீங்க? ஆபீசுல லைட்டு போட்டா?" என்று கேட்டவன். எனக்கு ஏதோ நகைச்சுவை உணர்வு இருப்பதாக யாராவது சொன்னால், அது அவன் சாப்பிட்டு மிச்சம் வைத்தது.

"கடலைக்கு மருந்தடிக்கிற டப்பாவ எடுத்தும்போயி எங்கம்மா வூட்ல வெச்சுட்டேன் மாமா," என்றாள் தனம். குரல் மாறாமல், பால் காய்ச்சி வைத்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னாள்.

நான் வேலை செய்வது ஒரு கிடங்கில். எந்தப் பெட்டி எந்த லாரியில் போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் உத்தியோகம். அவசர விடுப்புக்குக் காரணம் கேட்டார்கள். நெருங்கிய உறவினர் மரணம் என்றால் விடுப்பு உண்டு. விபத்து என்றால் உண்டு. நெருங்கிய உறவினர் பேசவில்லை என்பதற்கு அவர்களிடம் இடம் இல்லை. மேலதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார்: "உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார், இல்லையா?" ஆமாம், அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் போகிறேன் என்றேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் அனுப்பினார்.

5

நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சேகர் கடையில்தான் இருந்தான். "வாணா," என்றான். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தான். அதோடு முடிந்தது. என் பெட்டியைப் பற்றி, தொப்பையைப் பற்றி, வழுக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனிதன் மெலிந்திருந்தான். சட்டை அவன் மேல் இல்லாமல் அவனைச் சுற்றி இருந்தது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கடலை மழையில் ஊறிப் போனதால். மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போனதால். பக்கத்து டீக்கடை கோவிந்தன், "கண்ணு பட்டுட்டுதுண்ணா, பூசணிக்கா ஒண்ணு சுத்திப் போடணும்," என்றான். எல்லாவற்றையும் சேகருக்கு முன்னாலேயே, அவன் அங்கே இல்லாத மாதிரி பேசினார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்தது. "அந்த டாக்டருகிட்ட போனா ஊரே பைத்தியம்னு பேரு வெச்சிரும் மாமா," என்றாள் தனம்.

வாதாடத் தெம்பில்லை. பெட்டியைத் திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்து, கல்லாப் பெட்டியின் மேல் சேகர் முன்னால் வைத்தேன்.

"இதான் நான் சாப்பிடறது. தூங்க முடியாம போயி, அழுதுட்டு வந்து, ஒரு வருஷமாச் சாப்பிடறேன்."

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நீயா?" என்றான்.

"நான்தான்."

அட்டையைத் திருப்பி எழுத்தைப் படிக்க முயன்றான். "பாரின் மாத்திரையா?"

"மேட் இன் இந்தியாடா."

சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றான்.

டாக்டர் அம்மா பொறுமையானவர். மாத்திரை எழுதிவிட்டு, "டெய்லி கொஞ்ச நேரம் வெளிய நடங்க. மரம், செடி, காத்து, இதெல்லாம் நல்லது," என்றார். நான் கிட்டத்தட்ட எழுந்து நின்றேன். கடல் தாண்டிப் போய் வயலின் கேட்டு வாங்கிய அதே யோசனை.

தனத்துக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அவுரு வெளியதான் இருக்காரு. விடிஞ்சா நெலம், திரும்புனா மலை. செடியப் பாத்துப் பாத்துதான் இப்புடி ஆயிட்டாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். "வேலைக்காகப் பாக்கறது வேறம்மா. சும்மா பாக்கச் சொல்றேன்."

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன். "சேகர், நீ கடைசியா மலை சுத்தினது எப்ப?"

 தனம்தான் சொன்னாள். "கல்யாணத்துக்கு முந்தி சுத்துனாராம். எனக்குத் தெரிஞ்சு இல்ல. பவுர்ணமின்னா எங்களுக்குக் கடை மாமா. ஊரு ஒலகமே சுத்துது, நாங்க டம்ளர் கழுவறோம்."

அன்றுதான் கடையைச் சரியாகப் பார்த்தேன். அது பாதையின் மலைப்பக்கத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கம் பார்த்து நிற்கிறவனுக்கு மலை முதுகுப்புறம். இத்தனை வருஷமாக என் தம்பி, உலகமே வந்து பார்க்கும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோடா உடைத்திருக்கிறான்.

6

என் தலையில் விளக்கு எரிந்தது. அப்படி எரிந்தபோதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று கருகியிருக்கிறது என்று கவிதா சொல்வாள். வருகிற பௌர்ணமிக்குக் கடையை மூடுகிறோம், மூன்று பேரும் மலை சுற்றுகிறோம் என்று அறிவித்தேன். பௌர்ணமிதான் விசேஷம் என்று தனமும் சேர்ந்துகொண்டாள். சேகர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டோம்.

வெயில் தாழ்ந்ததும், செருப்பைக் கடைக்குள் போட்டு ஷட்டரை இறக்கிவிட்டு நடக்க ஆரம்பித்தோம். கூட்டம் அதற்குள் தோளோடு தோள் உரசிற்று. வெளியூர்க்காரர்களால் தொல்லை இல்லை. அவர்களுக்குச் சேகரைத் தெரியாது. தொல்லை கடைக்காரர்களால் வந்தது. வழி நெடுகக் கடை. எல்லாக் கடையிலும் அவனைத் தெரிந்தவன்.

"இன்னா சேகரு! பவுர்ணமில கடைய மூடிட்டு சுத்தறியே, லாட்டரி அடிச்சுட்டுதா?"

"யார்ரா அது, சேகரா? இன்னாடா எளச்சிட்ட? சுகரா?"

"வேண்டுதலா மாமா? பொண்ணுக்கு வரன் ஏதும் பாக்கறீங்களா?"

"ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே, ஆஸ்பத்திரில அந்த ரூமுக்கு முன்னாடி உக்காந்திருந்தியாமே?"

அன்பில்லாத கேள்வி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் சேகரின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வண்ணத்தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. வழியில் ஒரு லிங்கத்தின் முன்னால் கூட்டம் தேங்கி நின்றது. தனம் கற்பூரம் ஏற்றினாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவன் இல்லை.

போன் அடித்தோம். அணைத்து வைத்திருந்தான். "முன்னாடி போயிருப்பான்," என்றேன். தனம் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. "மாமா, நீங்க கடைக்கிப் போங்க. நான் நெலத்தாண்ட போறேன்," என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் ஓடினாள். நிலத்தில் கிணறு இருக்கிறது.

பிறந்ததிலிருந்து முதல் முறையாக நான் மலையை எதிர்ப்பக்கமாக நடந்தேன். முன்னால் போகிறவர்களின் முதுகையே பார்த்துப் பழகிய பாதையில் அன்று அத்தனை முகங்களும் என்னை நோக்கி வந்தன. "யோவ், எதுர்ல வர்றியே, அறிவில்ல?" என்று ஒருவர் கத்தினார். இல்லைதான். இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் ஓடினேன். எல்லா முகமும் ஒரு கணம் அவன் மாதிரி இருந்தது.

ஷட்டர் இறக்கியபடி இருந்தது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். அங்கே, கவிழ்த்த சோடா கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.

 பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். எதிரே வேலி, முள்காடு, அதற்குப் பிறகு மலை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலா மலைக்குப் பின்னாலிருந்துதான் ஏறும். இன்னும் வரவில்லை. விளிம்பு மட்டும் வெளுத்திருந்தது.

"எல்லாரும் கேக்கறாங்கணா," என்றான் சேகர். பல வாரங்களில் அவனாகப் பேசிய முதல் வார்த்தை. "ஜாஸ்தியாக் கேக்கறாங்க. எங்கிட்ட பதில் இல்ல. இருந்தா சொல்ல மாட்டனா?"

 வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போன்றவன் செய்யக்கூடிய பெரிய சேவை அது.

தனம் வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு வாங்க நின்று அவனைப் பார்த்தாள்.

"கெணத்த எட்டிப் பாத்துட்டு வர்றேன்யா நானு," என்றாள்.

சேகர் நிமிர்ந்து அவளை முழுசாகப் பார்த்தான். அவள் காலிலிருந்த சேற்றைப் பார்த்தான். "தப்புதான்," என்றான். கிரேட்டில் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். அவன் அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முன்பக்கம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். "அண்ணே, தண்ணி இருக்கா?"

பழக்கத்தில் சேகர் எழுந்தான். தனம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தினாள்: "இன்னிக்கி லீவு! போயி கோவிந்தங் கடைல கேளு!"

நிலா வந்தது. மூன்று பேரும் பார்த்தோம். 

7

பிறகு அவனை யாரும் பாதைக்குக் கூப்பிடவில்லை. கடைக்குப் பின்னால் வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக முள்காட்டு ஓரத்தில் ஏரிக்கரை வரைக்கும் ஆடுகள் போட்ட ஒரு தடம் போகிறது. அதில் நடந்தோம். மயில் இருந்தது, குரங்கு இருந்தது; ஒன்றும் அவனை விசாரிக்கவில்லை. மாத்திரையைத் தனம் வேளை தவறாமல் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய் வந்தான். நான் கிளம்பும் நாளில் கொஞ்சம் சாப்பிட்டான், கொஞ்சம் தூங்கினான். பேச்சு மட்டும் வரவில்லை. பஸ் ஏறும்போது, "சரிணா," என்றான்.

விமானத்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வந்தது, யாருமே கேட்காத ஊரில் வந்த நோய். அவனுக்கு வந்தது, எல்லோரும் கேட்கிற ஊரில். இரண்டு பேருக்கும் டாக்டர்கள் ஒரே யோசனையைத்தான் எழுதினார்கள். நான் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அவன் கடைக்குப் பின்பக்கம் போக வேண்டியிருந்தது. இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கவிதாவிடம் சொன்னேன். "இத்தனை நாளா அதனாலதானே நாங்களும் உங்கள எதுவும் கேக்காம இருந்தோம்?" என்றாள். இது எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே வெயில் தாழ்கிற நேரம், இங்கே மத்தியானம். நான் போன் செய்வேன். தனம் போனை எடுத்து, அப்படியே அவன் சட்டைப் பையில் போட்டு, வேலி வரைக்கும் கொண்டுபோய் விடுவாள். அவன் அங்கே நடப்பான். நான் இங்கே என் குன்றைச் சுற்றுவேன். பேச்சு கிடையாது. எனக்கு அவனுடைய மூச்சு கேட்கும், சட்டைத் துணி உரசும், தூரத்தில் பஸ் ஹாரன், மயில். சருகு மிதிபடும் சத்தத்தை வைத்து அன்றைக்கு வேகமா மெதுவா என்று தெரிந்துகொள்வேன். ஒருமுறை அங்கே யாரோ, "யாரு கூடடா பேசிகினு போற?" என்று கேட்டது விழுந்தது. "யாரு கூடயும் பேசலியே," என்றான் சேகர். சத்தியமான பதில்.

யாழினி ஒரு வாரம் கூட வந்தாள். போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இதுல ஒண்ணுமே இல்லியே," என்றாள். கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். குன்றின் பாதிச் சுற்று வரை காதிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "சித்தப்பா மெதுவாத்தான் நடக்கறாரு," என்றாள். அவளும் இடது ஓரமாகத்தான் நடந்தாள். 

மாதங்கள் இப்படிப் போயின. போன ஞாயிறும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், போன் கையில், ஸ்பீக்கர் போட்டபடி. அப்போதுதான் அந்த அம்மாள் நாயை இழுத்து நிறுத்தி, ஏன் ஒருநாளும் மேலே ஏறுவதில்லை என்று கேட்டார். நான் மலையைப் பற்றி, வலது கையைப் பற்றி, சித்தர்களைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

போனில் சருகுச் சத்தம் நின்றது.

"யாருணா அது?" என்றான் சேகர்.

போனை வாய்க்கருகே கொண்டுபோனேன். "இங்க ஒரு அம்மா. நாய் கூட்டிட்டு வருவாங்க."

"இன்னா கேக்குது?"

"நான் ஏன் மலைமேல ஏற மாட்டேங்கறேன்னு கேக்கறாங்கடா."

காற்று இரைந்தது. அங்கத்துக் காற்றா, இங்கத்துக் காற்றா தெரியவில்லை.

"அத ஏன் கேக்கணும்? உன் தொப்பையப் பாத்தா அதுக்குத் தெரியலயாமா? மேல ஏத்தி வுட்டா அப்புறம் எறக்கறதுக்கு கிரேன் யாரு குடுக்கறது?"

நான் பாதையின் நடுவே நின்றுவிட்டேன். ஓடி வந்த ஒரு சித்தர் என்னை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நாய் என் காலை முகர்ந்தது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பதறி, தன் கோட்டுப் பையில் டிஷ்யூ தேட ஆரம்பித்தார்.

"என்ன ஆயிற்று? அவர் என்ன சொன்னார்?"

"என் தம்பி," என்றேன். "பேசுகிறான்."